பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரச் சுருக்கம்

யாழ்ப்பாணத்திலே விசயதசமி வந்துற்றாற் பரதம் பயிலும்பொருட்டுத் தம் பெண்மக்களை அழைத்துச் செல்லும் பெற்றாரை இக்காலத்தில் ஊர்தோறுங் காணலாம். ஆடல்வல்லானது திருவுருவத்தின் முன்னே குத்துவிளக்கேற்றி நடனம் பயிற்றும் வகுப்புக்கள் பட்டினத்திலும் உண்டு. பனங்கூடல் சூழ்ந்த கிராமங்களிலும் உண்டு. அங்ஙனம் பிள்ளைகளைச் சேர்ப்பிக்கும் பெற்றார் கேட்டறிவன பெரும்பாலும் மூன்று. மாதச் சம்பளம் எவ்வளவு, பரீட்சை எப்பொழுது, அரங்கேற்றம் எத்தனை வருடத்தில் என்பன அவை. ஆசிரியர் யாரிடம் பயின்றார், அவருக்குக் கற்பித்தவர் யாவர், அவர் கற்ற முறை யாது என வினவுவோர் மிகச் சிலரே. கிணறு வெட்டுவிப்பவன் ஊற்றுக்கண் எத்திசையிலுள்ளதென்று நாலு பேரிடம் விசாரியாமல் மண்வெட்டியை எடுப்பதில்லை. பிள்ளைக்குக் கல்வியூட்டும் ஊற்றை மாத்திரம் விசாரியாது விடுதல் முறையாகுமா?

யாரேனும் ஒருவர் அவ்வாறு விசாரிக்கப் புகுவாராயின், அவ்வினா ஆசிரியரினின்றும் அவருடைய ஆசிரியர்க்கும், அவரினின்றும் அவர்க்கு மூத்தோர்க்கும் ஏறிச்சென்று, பல சமயங்களிற் சோழநாட்டுச் சிற்றூரொன்றிலே தட்டுக்கழியுங் கையுமாய் அமர்ந்திருந்த ஒரு முதியவரிடத்திற் போய் நிற்கும். அம்முதியவரே பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1869ஆம் ஆண்டிற் பிறந்து 1954ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற இவரது சரித்திரத்தை, நம்மவர் அறிந்து பயனடைதற் பொருட்டு, நாம் ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றாம்.

ஊரும் மரபும்

பந்தணைநல்லூர் காவிரிக்கு வடகரையிலுள்ள பாடல்பெற்ற தலங்களுள் ஒன்று. பசுபதீசுவரர் எழுந்தருளிய அத்தலத்தைத் திருஞானசம்பந்த மூர்த்தி நாயனாரும் திருநாவுக்கரசு நாயனாரும் பாடியிருக்கின்றனர். அம்மை ஆடிய பந்து வந்து அணைந்த இடமாதலின் அப்பெயர் எய்திற்றென்பது தலபுராண வழக்கு. உலகினர் இன்று பந்தநல்லூர் என வழங்கி, ஒரு நடனவழிக்கே அதனைப் பெயராக்கிவிட்டனர்.

பிள்ளையவர்கள் தோன்றிய மரபு தஞ்சை நால்வர் மரபாகும். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தஞ்சை அரண்மனையில் விளங்கியவர்கள். 1798 முதல் 1832 வரை அரசுபுரிந்த இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் ஆதரவு பெற்றவர்கள்; முத்துசுவாமி தீட்சிதரிடத்திற் சங்கீதம் பயின்றவர்கள். அதுவரை பலவாறு கிடந்த ஆடல் உருப்படிகளை அலாரிப்பு, சதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என ஒழுங்குபடுத்தி, ஓர் இராப்பொழுதின் கச்சேரிக்கு முதலும் முடிவும் வகுத்தவர்கள் இவர்களே. நம்மூர் அரங்கேற்றங்களில் அச்சிட்டு வழங்கப்படும் நிகழ்ச்சி நிரல் இன்றும் இந்நால்வர் வகுத்த வரிசையைப் பெரிதும் விட்டு விலகுவதில்லை. இளையவராகிய வடிவேலு திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராசாவின் அவையை அடைந்து, பிடில் என்னும் மேனாட்டு வாத்தியத்தை நம் இசைக்கு இசைவித்தாருள் ஒருவராகி, 1834இல் அவ்வரசரிடம் யானைத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசாகப் பெற்றார்.

இம்மரபினர் நட்டுவனார் எனப்பட்டனர். கோயிலிலும் அரண்மனையிலும் ஆடும் பெண்களுக்கு ஆடல் பயிற்றுதலும், அவர்கள் ஆடும்போது தாளம் பிடித்துச் சொற்கட்டுச் சொல்லி நடத்துதலும் இவர்தந் தொழில். 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயரால் முடிவுற்றது. அரண்மனை ஆதரவு போனபின் இக்குடும்பங்கள் கோயில் விழாக்களையும், நிலக்கிழார் வீட்டுக் கலியாணங்களையும், சிறு சமஸ்தானங்களையும் நம்பி வாழ்வனவாயின. அரசு போய்ப் பதினான்காண்டின் பின் பிறந்த நம் சரித்திர நாயகர், முன்னோரின் புகழைச் செவியாற் கேட்டாரேயன்றி அவர்தஞ் செல்வத்தைக் கண்ணாற் கண்டவரல்லர்.

நட்டுவனார் கல்வி

இக்காலத்தில் நடன ஆசிரியராதற்குக் கல்லூரியிற் சில ஆண்டுகள் பயின்று பட்டமோ தராதரப் பத்திரமோ பெறுகின்றனர். நட்டுவனார் வீட்டிற் பிறந்த சிறுவனுக்குக் கல்லூரி அவன் வீட்டுத் திண்ணையே. முதலிற் கற்பது பாட்டு. சுருதியோடு நிற்கக் குரல் பழகிய பின்னர்த் தாளம். தாளங் கைவந்தபின் மத்தளம். சொற்கட்டுக்களை வாயினாற் சொல்லிச் சொல்லி, நாவும் கையும் ஒன்றையொன்று தேடாது சேரும்வரை சாதகஞ் செய்வான். அடவுகளையும் உடம்பினாற் கற்பான். மேடையேறி ஆடும் நோக்கம் அவனுக்கில்லையாயினும், அரைமண்டியில் நின்று தட்டடவும் நாட்டடவும் மூன்று காலத்தும் செய்தறியாதவன் பிறரைத் திருத்தல் இயலாது. வர்ணங்களும் பதங்களும் பெரும்பாலும் தெலுங்கிலிருந்தமையின் அம்மொழியின் பொருளும் அறிந்தாகல் வேண்டும்.

இவ்வளவும் கற்றபின்னும் அவன் ஆசிரியனாகான். பெரியவர்கள் நடத்துங் கச்சேரியிற் பின்னே நின்று சுருதி கூட்டுதலும், உடன்பாடுதலும் அவன் வேலையாகும். ஆடுவோள் களைத்தாளா, சபையோர் சலித்தனரா, தாளம் ஒரு மயிரிழை விரைந்ததா என்பனவற்றைப் பல்லாண்டு பார்த்துப் பார்த்து அறிவான். முடிவிலே ஒருநாட் பெரியவர் தாளத்தை அவன் கையிற் கொடுப்பார். அன்றே அவன் நட்டுவனாவான். பாடகன், மத்தளக்காரன், அடவு அமைப்போன், நடத்துவோன் என்னும் நால்வர் தொழிலும் ஒருவனிடத்தே கூடியிருத்தல் இக்கல்வியின் பயன்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெற்றது இக்கல்வியே. நால்வர் இயற்றிய உருப்படிகள் அவருக்கு ஏட்டுச் சுவடியளவில் நில்லாது வீட்டுச் சொத்தாக வாய்த்தன. அவற்றுக்கு அவர் அமைத்த அடவுக் கோர்வைகள் இன்றும் ஆடப்படுகின்றன. கைகால் நீட்டும் கோடு வளையாது நேர்படுதலும், தட்டும் காலடி ஒவ்வொன்றும் தெளிந்து கேட்டலும், தேவையற்ற அசைவு ஒன்றும் இன்மையும் பந்தணைநல்லூர் வழியின் இலக்கணமென அறிந்தோர் கூறுப. தட்டுமனை என்னும் சிறு மரப்பலகையை முன்வைத்துத் தட்டுக்கழியால் அடித்துக்கொண்டே கற்பித்தலின், மாணாக்கியின் கால் அவ்வோசைக்கு உட்பட்டே வளர்ந்தது.

பழி சூழ்ந்த காலம்

அவர் இளமை கடந்து நடுவயதெய்திய காலம் இக்கலைக்குப் பொல்லாத காலம். கோயிற்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்களின் நிலை இழிந்திருந்தது. செல்வர் சிலர் அவர்களைத் தம் இச்சைக்கு ஆளாக்கினர். இதனைக் கண்டு நொந்த சீர்திருத்தக்காரர், அப்பெண்களின் ஆடலைக் கனவான்கள் காணாது ஒதுக்கல் வேண்டுமென 1893இலே சென்னைக் கவர்னருக்கும் இராசப் பிரதிநிதிக்கும் விண்ணப்பஞ் செய்தனர். பின்னர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பொட்டுக்கட்டும் வழக்கை ஒழிக்கப் பல்லாண்டு உழைத்தார். 1947இலே சென்னை மாகாணத்தில் அதனைத் தடுக்குஞ் சட்டம் நிறைவேறிற்று. அறியாப் பருவத்துப் பெண்ணொருத்தியின் வாழ்நாளைப் பிறர் முடிவுசெய்யும் வழக்கம் ஒழிந்தது நன்றே. அதிலே இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்திலும் இக்கிளர்ச்சி இருந்தது. இங்கு அது முந்தியே எழுந்தது. நம் கோயிற் றிருவிழாக்களிற் பெரியமேளமாகிய நாதசுரத்தோடு சின்னமேளமாகிய சதிரும் நடந்தது. 1822 முதல் 1879 வரை வாழ்ந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள், கோயிலிலே பொதுமகளிர் ஆடுதலைக் கடுமையாகக் கண்டித்தார்கள். கோயில் வழிபாட்டுக்குரிய இடமென்பதும், திருவிழாவைச் சாட்டிக் காமுகர் கூடுதல் தகாதென்பதும் அவர்கள் கருத்து. மறுபுறம் பாதிரிமாரும் நம் சமயத்தை இகழ்தற்கு இதனையே எடுத்துக் காட்டினர். பாதிரிமார் நிறுவிய பள்ளிக்கூடத்திலே படித்த எம்போல்வார், கோயிலாடல் இகழத்தக்கதென்னுங் கருத்தை அங்கே ஆங்கிலத்திற் கேட்டு, மாலையில் வீடு திரும்பி, ஆசாரமுள்ள முதியோர் வாயினின்று அதனையே தமிழிலும் கேட்டோம். எதனிலும் ஒவ்வாத இரு திறத்தாரும் இதிலே ஒத்திருந்தனர்.

இவ்விடத்து ஒன்று சிந்திக்கத்தக்கது. நாவலரவர்கள் கண்டித்தது ஒழுக்கக் கேட்டை. ஆயின் ஊரார் அக்கண்டனத்தை எவர்மேல் ஏற்றினர்? சதிர் வைத்த செல்வர் தம் மதிப்பில் ஒரு துரும்புங் குறைந்திலர். ஆடிய பெண்ணும், அவளுக்குத் தாளம் பிடித்த நட்டுவனாரும், அவ்விருவர் பிள்ளைகளும் பழியை முழுதுஞ் சுமந்தனர். இணுவிலிலும் அளவெட்டியிலும் வாழ்ந்த நாதசுர தவில் வித்துவான்களின் பெயர்களை நாம் பெருமையோடு சொல்லுகின்றோம். நம் கோயில்களிற் சின்னமேளம் நடத்திய நட்டுவனார் பெயரை நம்மில் எத்துணைப் பேர் சொல்ல வல்லோம்?

அறுபது வயதின் பின்

ஆடலின் பொருளை உலகிற்கு எடுத்துக் கூறியவருள் முற்பட்டவர் நம் இலங்கைத் தமிழ்ச் சந்ததியார் ஒருவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய் 1877இற் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, அபிநயதர்ப்பணம் என்னும் வடநூலை 1917இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். சிவபிரானின் நடனத்தைப் பற்றிய அவரது கட்டுரை நூல் 1918இல் வெளிவந்தது. நூல்கள் பொருளைச் சொல்லின. ஆயினும் அடவைச் சொல்ல வல்லார் நூலாசிரியரல்லர். அது பந்தணைநல்லூர்த் திண்ணையில் இருந்தது.

1928இற் சென்னையிலே தோன்றிய சங்கீத வித்துவ சபை, வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் முயற்சியால், இவ்வாடலை மேடையேற்றத் துணிந்தது. 1931லும் 1933லும் கல்யாணி புத்திரிகள் என்னும் சகோதரியர் அங்கே ஆடினர். அவர்களைப் பயிற்றியவர் நம் பிள்ளையவர்கள். சதிர் என்ற பெயர் கழிந்து பரதநாட்டியம் என்ற பெயர் வழங்கத் தலைப்பட்டதும் இக்காலத்திலேயே.

அவர் பயிற்றிய பெண்களின் ஆடலைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தோருள் ஒருவர் 1904இற் பிறந்த உருக்மிணிதேவி அம்மையார். அந்தணர் குலத்தினர், அடையாற்றுப் பிரமஞான சபையைச் சார்ந்தவர், வயதும் முப்பதை அடுத்துவிட்டது. கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த மயிலாப்பூர்க் கௌரியம்மாளிடம் பயின்ற இவர், பின்பு பிள்ளையவர்களை அணுகினார். முதியவர் முதலில் தயங்கினார் என்பர். தயங்கியதில் வியப்பில்லை. ஏழெட்டு வயதிலே தொடங்க வேண்டிய பயிற்சி; குடும்பத்திற்குப் புறம்பான மாணாக்கி; தம் குலத்துப் பெண்கள் எதனாற் பழிக்கப்பட்டனரோ அதனையே உயர்குலத்தார் விரும்பி வந்து கேட்கும் புதுமை. ஆயினும் அவர் கற்பித்தார். 1935ஆம் ஆண்டு திசம்பரில் உருக்மிணிதேவி அடையாற்றிலே சபையோர் முன் ஆடினார். 1936இற் கலாக்ஷேத்திரமாக வளர்ந்த கலாசாலை அங்கே தோன்றிற்று.

அதன்பின் பிறநாட்டாரும் பிறமொழியாரும் பந்தணைநல்லூரை நாடினர். பெங்களூர் இராம்கோபால், மிருணாளினி சாராபாய், சாந்தாராவ், கிருஷ்ணராவ் சந்திரபாகாதேவி தம்பதியர் முதலியோர் அவர் மாணாக்கர். இராம்கோபால் 1939இல் இலண்டன் மேடையில் ஆடினார். மிருணாளினி 1949இல் அகமதாபாத்தில் தர்ப்பணா என்னுங் கலைக்கழகத்தை நிறுவினார். பட்டினத்து வசதிகளிற் பழகிய இளைஞர் சிற்றூருக்கு வந்து, நாடோறும் பல நாழிகை தட்டுமனை ஓசைக்குக் காலெடுத்து வைத்தனர். மொழி வேறாயினும் சொற்கட்டு எல்லார்க்கும் பொதுவன்றோ? தந்தை வழித்தொழிலைக் குடும்பத்துக்குள்ளே பூட்டிவைத்திருந்தால், அது அவர் தலைமுறைக்குப் பின் அருகிப்போயிருத்தலுங்கூடும். எழுபது வயது முதியவர் கதவைத் திறந்து வைத்தார்.

கலாசாலையும் திண்ணையும்

திறந்த கதவின் வழியே ஆசிரியத் தொழிலும் வெளியே சென்றது. பிள்ளையவர்களின் மருமகர் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்திரத்திற் கற்பித்து வந்தவர், 1943இல் அதனை விட்டு நீங்கினார். அப்பொழுது உருக்மிணிதேவி தாமே தம் மாணாக்கரைக் கொண்டு நிகழ்ச்சிகளை நடத்தத் துணிந்தார். நட்டுவனார் குடியிற் பிறவாதவரும், பெண்களும், தாளமெடுத்து நட்டுவாங்கஞ் செய்யும் வழக்கம் அதனால் வேரூன்றிற்று. இன்று யாழ்ப்பாணத்திலே ஒரு பெண் ஆசிரியை அரங்கின் பக்கத்தமர்ந்து கம்பீரமாகத் தாளம் தட்டுதல் அந்நாள் நேர்ந்த மாற்றத்தின் பயனாகும்.

இம்மாற்றத்தின் இலாப நட்டத்தை ஓர் ஆசிரியர் என்னும் முறையில் நாம் சீர்தூக்குதல் வேண்டும். இலாபம் பெரிது. எக்குடியிற் பிறந்த பிள்ளையும் கற்கலாம்; கற்றமைக்காக எவரும் அவளை இகழார். பாடத்திட்டமும் பரீட்சையும் அமைந்தமையால் ஆசிரியரின் கோபதாபங்களுக்கு மாணாக்கர் முழுதும் ஆட்படார். நட்டமும் உண்டு. ஒருவரிடத்தே கூடியிருந்த பாட்டும் மத்தளமும் நட்டுவாங்கமும் அடவமைப்பும் பிரிந்து பலர் தொழிலாயின. பரீட்சைக்கென எண்ணி வைத்த உருப்படிகளைப் படித்தவர், பத்திரம் பெற்ற மறுவருடமே வகுப்புத் தொடங்குதல் இயல்பாயிற்று. பெரியவர் பின்னே பல்லாண்டு நின்று பார்க்கும் காலம் பாடத்திட்டத்தில் இடம் பெறவில்லை. மற்றும், எந்தப் பெண்கள் இக்கலையைத் தம் உடம்பிற் காத்துத் தந்தனரோ, அவர்தம் மக்கட்குப் புதிய கலாசாலைகளிற் கிடைத்த இடம் மிகச் சிறிது. நட்டுவனார் ஒரு தலைமுறையேனும் ஆசிரியராய் மதிக்கப்பட்டனர். அப்பெண்களுட் பெரும்பாலார் மேடையையும் இழந்தனர், மதிப்பையும் பெற்றிலர்.

மறைவும் வழிவந்தோரும்

பிள்ளையவர்கள் 1954ஆம் ஆண்டில் இறைவன் திருவடி எய்தினார். சொக்கலிங்கம் பிள்ளையும், அவர் மைந்தர் சுப்பராய பிள்ளையும் அவ்வழியைத் தொடர்ந்து கற்பித்தனர். அலர்மேல்வள்ளி இவ்விருவரிடமும் பயின்றவர். தஞ்சையிலே நால்வர் வழித்தோன்றலும் பிள்ளையவர்களின் மகள் வயிற்றுப் பேரருமாகிய கிட்டப்பா பிள்ளை, 1913 முதல் 1999 வரை வாழ்ந்து, முன்னோர் உருப்படிகளை அச்சேற்றி அழியாமற் காத்தார்.

நம் நாட்டினின்றும் கலாக்ஷேத்திரஞ் சென்று பயின்று மீண்டு ஆசிரியரானோர் பலர். 1960இல் மருதனார்மடத்திலே தொடங்கி, 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இராமநாதன் நுண்கலைக்கழகம் நடன ஆசிரியரைப் பயிற்றி வருகின்றது. வட இலங்கைச் சங்கீத சபை நடத்தும் பரீட்சைகளில் ஆசிரியர் தரம் வரை தேறிக் கலாவித்தகர் பட்டம் பெறுவோரும் ஆண்டுதோறும் உளர். 1983இன் பின் இடம்பெயர்ந்த நம்மவர் இலண்டன், ரொறொன்ரோ, பாரிஸ், சூரிச் முதலிய நகரங்களிலே சனி ஞாயிறுகளில் வாடகை மண்டபங்களிற் கூடி இதனையே தம் பிள்ளைகளுக்குப் பயிற்றுகின்றனர். பனிக்காலத்தில் மேலங்கியோடு வந்து அதனைக் கழற்றி வைத்து அரைமண்டியில் நிற்குஞ் சிறுமி, பெரும்பாலும் தான் பெயரறியாத ஒரு முதியவரின் கோர்வையை ஆடுகின்றாள்.

சைவ நன்மக்களுக்கு

இச்சரித்திரத்தை நாம் எழுதியது பழம்பெருமை பேசிப் பொழுதுபோக்குதற்கன்று. நம்மாற் செய்யத்தக்கன சில உள.

பிள்ளையைச் சேர்ப்பிக்கும் பெற்றார், ஆசிரியரை அணுகி, அவர் யாரிடத்தில் எத்தனை ஆண்டு பயின்றார், பாட்டும் தாளமும் எவ்வளவு கற்றார், தாமே ஒரு கோர்வை அமைக்க வல்லரா என வணக்கமாகக் கேட்டல் வேண்டும். நல்லாசிரியர் இக்கேள்வியால் வருந்தார். தம் ஆசிரியர் பெயரைச் சொல்லக் கிடைத்ததற்கு மகிழ்வார். பட்டம் பெற்ற இளையோர், தனி வகுப்புத் தொடங்குமுன் மூத்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சில ஆண்டுகள் பார்த்திருப்பாராயின், திண்ணைக் கல்வியிற் போனது ஓரளவு மீளும். அரங்கேற்ற அழைப்பிதழ்களிலே பிரதம விருந்தினரின் பட்டங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகின்றோம். ஆசிரியரின் குருபரம்பரைக்கு மூன்று வரி ஒதுக்கலாகாதா? அதிலே நட்டுவனார் பெயரும், அபிநயங் கற்பித்த கோயிற் பெண்களின் பெயரும் மறையாது வருதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. நம் கோயில்களிற் சின்னமேளம் நடத்திய குடும்பங்களைப் பற்றிய நினைவு முதியோர் சிலரிடத்தில் இன்னும் இருத்தல் கூடும். அம்முதியோர் இருக்கும்போதே, இழிவாக ஒன்றுஞ் சொல்லாமலும், உண்மையில் ஒன்றையும் மறையாமலும் அதனைக் கேட்டெழுதி வைத்தல் சைவ சபைகளுக்கு உரிய பணியாகும். எடுத்த திருவடி தூக்கி ஆடும் பெருமானை நாடோறும் வழிபடுகின்றோம். அவன் ஆடலை மண்ணிலே பயிற்றியோர் பெயரை மறத்தல் அவ்வழிபாட்டுக்குப் பொருந்துமோவென அன்பர்கள் சிந்திப்பார்களாக.

சிவமயம்.